காற்றுக் கிழவன்

என் வீட்டுப் பின்னறையில் என் தம்பி ஒரு தெய்வத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியவந்தபோது, நான் ஒரு அபாயாவுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறாமல் போனது அல்லாஹ்வின் காவல். அவன் கூட்டாளியோடு போனில் கதைத்தது சுவருக்கு இந்தப் பக்கம் அட்சரம் பிசகாமல் கேட்டது.

"இது காத்துக்கும் நோய்க்கும் உள்ள தெய்வம் மச்சான். போற இடமெல்லாம் காய்ச்சல், இருமல். ஆனா அது வேணுமெண்டு செய்றதில்ல."

தையல் மெசினை விட்டு எழும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். தட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் குத்தினேன்.

"டேய், ஈமான் இரிக்காடா உனக்கு? அஞ்சு நேரம் தொழுற வீட்டுக்குள்ள என்னடா தெய்வம் செய்றாய்?"

"ராத்தா, விளையாட்டு. கதைக்குள்ள வாற ஒரு ஆள், அவ்வளவுதான்."

"கதைக்குள்ளயும் வேணாம். வேற பேர் வை."

அவன் ஏன் என் வீட்டில் இருந்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். சாய்ந்தமருதில் உம்மா எனக்குத் தந்த வீட்டில் நான் இருக்கிறேன். என் கணவர் கட்டாரில். தம்பி, அட்டாளைச்சேனையில் தன் மனைவியின் வீட்டில் இருந்தவன். ஒரு ஆண் பையைத் தூக்கிக்கொண்டு ராத்தா வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்கு மேல் தங்கினால் போதும், விட்டுவிட்டானா, விட்டுவிட்டாளா என்று தெருவே கேட்கத் தொடங்கிவிடும். தம்பி வந்து மாதக்கணக்காகிவிட்டது.

போலந்தில் ஒரு கோழித் தொழிற்சாலையில், குளிர் அறையில் வேலை செய்துவிட்டு வந்தவன் அவன். வந்த பிறகு இருமல் நிற்கவில்லை. சளியில் இரத்தம் கண்டதும் மார்பு நோய் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். காசநோய் என்றார்கள். மாத்திரை தொடங்கினார்கள். மனைவியையும் மூன்று வயது மகளையும் சோதித்துப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் முன்காப்பாக மருந்து கொடுத்தார்கள். அன்றைக்கே இவன் பையைக் கட்டிவிட்டான். யாரும் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றான். நான் நம்பவில்லை. மனைவியின் உம்மாவான அவனுடைய மாமிதான் முகத்தைத் திருப்பியிருப்பார் என்று நினைத்து அந்த மனிசியோடு மனசுக்குள் நாளுக்கு ஒருமுறையாவது சண்டை பிடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துச் சளியைத் திரும்பச் சோதித்த டொக்டர், என் முன்னால்தான் சொன்னார். இனி இவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது, மாத்திரையை மட்டும் கடைசிவரை விடாமல் குடிக்கட்டும், வீட்டுக்குப் போகலாம், பிள்ளையைத் தூக்கலாம். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆனால் போகவில்லை. மனைவி எடுக்கிற போன் கோல்களுக்குப் பதில் இல்லை. "நல்லா இருக்கன்" என்று ஒரு மெசேஜ் போகும், அதோடு சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் போவதில்லை. இவன் தன் வீட்டுக்குத் திரும்பிப் போவானா, அல்லது இப்படியே இருந்து இருந்து ஒரு குடும்பம் சும்மாவே பிரிந்து போகுமா? அந்த நாட்களில் எனக்கு அந்த ஒரு கவலைதான்.

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். மேற்கிலிருந்து சூடாக வந்து வயல் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு கடலுக்குப் போகும். அந்தப் புழுக்கத்திலும் இவன் பின்னறை ஜன்னலை இறுக்கிப் பூட்டி வைத்திருந்தான். ஏன் என்று கேட்டால், தன்னுடைய மூச்சு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுமாம். காற்றோட்டம்தான் இதற்கு மருந்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் இவன் காதில் ஏறவில்லை. எனக்கு விசர் பிடித்துவிட்டது. ஒரு நாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஜன்னல் கொக்கியைச் சுத்தியலால் அடித்தே கழற்றினேன். திரும்பி வந்து பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். கொஞ்சம் கோபித்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவனைப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான் வருவார், போனில் கதைத்த அந்தக் கூட்டாளி, பெரியநீலாவணையிலிருந்து. இருவரும் ஒன்றாகப் போலந்துக்குப் போனவர்கள். அவர் முந்தித் திரும்பி வந்து, பழையபடி தகப்பனின் போட்டில் மீனுக்குப் போகிறார். தமிழ்ப் பொடியன், கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிறவர். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சைக்கிளில் ஒரு பை மீனைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிடுவார். "பயமில்லையா தம்பி?" என்று முதல் நாள் கேட்டேன். "அக்கா, ஒரே அறைக்குள்ள ரெண்டு வருசம் இவன்ட குறட்டையைக் கேட்ட ஆள் நான். எனக்கு வாறதெண்டா அங்கேயே வந்திருக்கும்" என்றார்.

அங்கே விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாட்டுக்காரன் ஒருவன் இந்த விளையாட்டை நடத்துவானாம். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். தம்பி அதையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். தாயம் உருட்டுவது மார்க்கத்தில் கூடாது, அந்த வேலை என் வீட்டுக்குள் நடக்காது என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் விழுந்ததைப் பார்க்க ஏலாமல், என் பொத்தான் டப்பாவிலிருந்து இருபது பொத்தான்களை எடுத்து, மார்க்கரால் இலக்கம் எழுதி, ஒரு ஐஸ்கிரீம் கோப்பைக்குள் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். பெரிய இலக்கம் வந்தால் நினைத்தது நடக்கும், சின்னது வந்தால் நடக்காது. ஒன்று வந்தால் நாசம்.

தெய்வத்தின் விசயம் மிச்சமிருந்தது. கூட்டாளி எனக்கும் தம்பிக்கும் நடுவில் புகுந்தார். "அக்கா, உங்கட வீட்டுக்கு வேணாமெண்டா நான் கொண்டு போறன். எங்கட சாமியறையில இன்னொருத்தர் இருக்க இடம் இருக்கு."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தைத் திரும்பப் பிடிக்க முடியுமா? கடைசியில் அதைக் காற்றுக் கிழவன் என்று கூப்பிடுவதாக முடிவாயிற்று.

போலந்து நாட்டுப் பழைய ஆட்கள், நோய் காற்றில்தான் வருகிறது என்று நம்பினார்களாம். "இதென்ன புதினம், நம்மட ஆக்களும் காத்துப் பட்டுட்டு எண்டுதானே சொல்ற" என்றேன். தம்பி அந்தப் பழங்கதைகளில் கொஞ்சத்தை எடுத்து, தன் பாட்டில் மிச்சத்தைச் செய்திருந்தான். பனிக்காட்டின் நடுவில் சுள்ளியால் கட்டிய வீடு, அதற்குக் கதவு இல்லை. கிழவனின் கோட்டில் எண்ண முடியாத பைகள், எல்லாப் பையும் ஓட்டை. கிழவனுக்கு எந்த நேரமும் குளிர். எங்கேயாவது ஒரு வீட்டில் அடுப்புப் புகை தெரிந்தால், கொஞ்சம் குளிர்காயலாம் என்று ஓடிப்போய் வாசலில் நிற்பான். விடிந்து பார்த்தால் அந்த வீட்டில் எல்லாரும் பாயோடு கிடப்பார்கள். அதனால் அவன் ஒரு முடிவெடுத்தான். இனி எந்த வீட்டுக்கும் போவதில்லை என்று காட்டுக்குள்ளேயே இருந்துவிட்டான். ஆனால் அவன் அங்கே இருக்கும்வரை காட்டில் வசந்தம் வராது. விளையாடுகிறவர்கள் எப்படியாவது அவனை வெளியே கொண்டுவர வேண்டும்.

இவன் யாருடைய கதையைச் சொல்கிறான் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அதை வெளியில் காட்டாமல், "சரி, நானும் விளையாட வாறன்" என்றேன்.

வாள் பிடிக்கிற பெண்ணாக வந்தேன். என் குணத்துக்கு வேறென்ன பொருந்தும்? முதல் நாளே ஒரு பாலத்தைக் கடக்க அரை மணித்தியாலம் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய், "இந்தா, பாலத்திலிருந்து குதிக்கிறன், தொல்லை விட்டுது" என்றேன். தம்பி அசையாமல் சொன்னான், "குதிச்சிட்டிங்க. கால் முறிஞ்சிட்டு."

"டேய், பகிடிக்குச் சொன்னன்டா."

"வாயால சொன்னா சொன்னதுதான் ராத்தா. அதுக்குப் பொத்தானும் தேவையில்ல."

அதற்குப் பிறகு நான் பனியில் நொண்டிக்கொண்டே திரிந்தேன்.

ஆனால் கிழவனை நெருங்க எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. காட்டுக்குள் போவதும் நோயில் விழுந்து திரும்புவதுமாகவே இருந்தது. நான் தம்பியின் மனைவிக்குக் கோல் எடுத்தேன்.

"மதினி, என்னோட கதைக்கிறாரே இல்லையே" என்று அழுதாள்.

"கதைக்க வேணாம் புள்ள. விளையாட வா."

அடுத்த வெள்ளிக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன். தம்பியின் முகம் வெளிறிப் போனது. கூட்டாளிதான் சமாளித்தார். "மூணாவது ஆள் இல்லாமக் கதை நகருதில்லடா. நீ கதையை மட்டும் சொல்லு." தம்பி கொஞ்ச நேரம் பொத்தான்களைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு, கதை மட்டும்தான், வீட்டுக் கதை ஒன்றும் கதைக்கக்கூடாது என்றான்.

"நீங்க ஆராக வாறிங்க?" என்று போனைப் பார்த்துக் கேட்டான். கதை சொல்கிறவன் எல்லாரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவான். இத்தனை வருசம் நீ, வா, போ என்று கூப்பிட்ட மனைவியை நீங்க என்றதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் கோழி வளர்க்கிற பொம்பிள" என்றாள் அவள். "நீங்க அங்க போய்க் கோழியெல்லாம் வெட்டிப்போட்டுத்தானே வந்திங்க. நான் வளர்க்கிறன்."

அப்படி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடந்தது. அவள் காட்டோரத்தில் கோழிக்குத் தீன் போடுவாள், முட்டை விற்பாள். இடையில் ஒன்றும் தெரியாத மாதிரிக் கேட்பாள், "அந்தக் கிழவனுக்கு இப்ப இருமல் எப்பிடி?"

"குறைவு."

"ராவையில நித்திரை கொள்றாரா?"

தம்பி யோசித்துத்தான் பதில் சொல்வான். "கொஞ்சம்."

"மருந்து தவறாமக் குடிக்கிறாரா?"

"குடிக்கிறார்."

கூட்டாளி முகட்டைப் பார்ப்பார். நான் ஊசிக்கு நூல் கோர்க்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன், அந்த நேரத்தில் நூல் எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது! ஒரு புருசனும் பெண்சாதியும் சுகம் விசாரிக்க இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரியும். ஆனாலும் சுற்றியாவது விசாரிக்கிறார்களே என்று மறுபக்கம் சந்தோசமாகவும் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள், தனியே காட்டுக்குள் போகப் போவதாகச் சொன்னாள். நான் நொண்டிக்கொண்டு கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். பனியைத் தாண்டுவதற்கு அவளுக்காக நான் ஒரு பொத்தான் எடுத்தேன், தாண்டினாள். ஓநாய்க்கு இன்னொன்று எடுத்தேன், தப்பினாள். தம்பியின் குரல் வரவர இறங்கிக்கொண்டே போனது.

"சுள்ளி வீட்டுக்கு முன்னால நிக்கிறிங்க. கதவு இல்ல. உள்ளுக்கு இருட்டு. மூலையில கிழவன் குந்திக்கிட்டிரிக்கான். இதுக்குமேல ஆரும் போனதில்ல. ஒரு அடி உள்ளுக்கு வெச்சா நோய் பிடிக்கும். என்ன செய்றிங்க?"

"உள்ளுக்குப் போறன்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, யோசிக்காமல், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சொல்கிறதைச் சொன்னாள். "அஸ்ஸலாமு அலைக்கும்."

தம்பி கிழவனின் கரகரத்த குரலில், அவனும் யோசிக்காமல், "வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ்" என்றான்.

ஒரு நிமிசம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முதலில் வெடித்துச் சிரித்தது கூட்டாளிதான். "டேய், கிழவன் எப்படா இஸ்லாத்துக்கு வந்தவர்? எனக்கொரு சொல் சொல்லலையே!" தம்பியும் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் பல்லைப் பார்த்தேன். போனுக்குள் அவளும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் தலைக்குள் வேறொன்று ஓடியது.

"பொறு, பொறு" என்றேன். "கிழவன் இப்ப என்ன சொன்னான்?"

"வாய் தவறிட்டு ராத்தா. பழக்கத்தில வந்திட்டு. விடுங்க, திரும்பச் சொல்றன்."

"என்னத்தத் திரும்பச் சொல்ற? உனக்கும் சாந்தி உண்டாகட்டும் எண்டு அவன் வாயாலேயே சொல்லிட்டான். சாந்தி சொன்ன வாயால நோயைக் குடுப்பானா? சொல்லு பாப்பம்."

"அது விளையாட்டுக்கு..."

கூட்டாளி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார், "வாயால சொன்னா சொன்னதுதான் எண்டு அக்காட காலை முறிச்சது நீதானேடா. கிழவனுக்கு மட்டும் வேற சட்டமா?"

தம்பி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். போனைப் பார்க்கவில்லை. கோப்பைக்குள் கையை விட்டுப் பொத்தான் எடுக்கப் போனான். நான் கோப்பையை இழுத்துக்கொண்டேன். சலாத்துக்குப் பொத்தான் எடுக்கிறதா? நல்ல கதை!

போனிலிருந்து அவள் மெதுவாகக் கேட்டாள். "நான் உள்ளுக்குத்தான் நிக்கிறன். எனக்கு நோய் பிடிச்சிட்டா?"

தம்பி இப்போது போனைப் பார்த்தான். அவள் திரும்பவும் அதையே கேட்டாள். வெளியே கச்சான் காற்றில் தென்னோலை அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்ல" என்றான் கடைசியில். "உனக்கு ஒண்டும் பிடிக்கல்ல."

நீங்க போய் நீ வந்துவிட்டது. அவனுக்கே அது தெரியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினான். "எனக்குப் பயமாக் கிடக்கு. டொக்டர் சொன்னதெல்லாம் விளங்குது. ஆனா புள்ளைக்குப் பக்கத்தில போக நினைச்சாலே மூச்சை அடக்கிக்கிறன். பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தான்" என்றாள் அவள். அவளும் அழுதாள். "நீங்க அங்க இருந்து பயப்படுறிங்க, நான் இங்க இருந்து பயப்படுறன். ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருந்து பயப்படுவமே. வாங்களேன்."

கூட்டாளி எழும்பி, சைக்கிளைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார். நான் தேத்தண்ணீர் போடப் போனேன். கேத்தலைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்ததும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவன் மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில், கூட்டாளி தன் மச்சானின் ஓட்டோவைக் காலையிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன். தம்பி மாஸ்க் போட்டுக்கொண்டு வெளிப்பக்கமாக உட்கார்ந்தான். காரைதீவு, நிந்தவூர் தாண்டிப் போனோம். நான் அவனுடைய மாமியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் தப்பாகச் சொல்லட்டும், ஒரு முகச்சுளிப்பு காட்டட்டும், அந்த இடத்திலேயே கிழிகிழியென்று கிழித்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

மனைவி வாசலில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. மகள் முதலில் தாயின் பின்னால் ஒளிந்தாள். பிறகு, "வாப்பா, எங்கட சேவல் செத்துப் போச்சு" என்று அவசரச் செய்தி சொல்லிக்கொண்டு ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அசையாமல் நின்றான். அவன் நெஞ்சு ஏறி இறங்காமல் இருந்ததைப் பார்த்தேன், மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

"மூச்சை விடுடா" என்றேன்.

விட்டான். குனிந்து பிள்ளையைத் தூக்கினான்.

மாமி வெளியே வரவே இல்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பார்த்தாயா, முகத்தைக் காட்டவே மனசில்லை என்று என் நாக்கு துடித்தது. அப்போது மாமி வந்தார். கையில் ஒரு சஹன். கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. அதில் சோறு, மேலே மீன், வாழைக்காய்ப் பொரியல், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஆணம் என்று நாங்கள் சொல்கிற குழம்பு. கூட்டாளிக்கு விறாந்தையில் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, சஹனை எங்கள் நடுவில் பாயில் வைத்தார். மகள் தம்பியின் மடியிலிருந்து எழும்பவில்லை. மீனில் முள் எடுத்துத் தரச் சொன்னாள். அவன் மாஸ்க்கை இறக்கினான். பிள்ளை கேட்ட அவசரத்தில் கையைக் கழுவி, தன் பக்கத்துச் சோற்றில் மீனைப் பிசைந்துவிட்டான். பிசைந்த பிறகுதான் நினைவு வந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மாமி, நான் தொட்டுட்டன். இந்தப் பக்கத்த எடுத்துப்போட்டு, எனக்கு வேற தட்டுல போடுங்க."

எங்கள் ஊர்களில் மாமி மருமகனோடு ஒரே சஹனில் சாப்பிடுகிறதில்லை. மருமகன் சாப்பிட்டு எழும்பிய பிறகு அடுப்படிக்குள்தான் அவர்கள் சாப்பிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிசி அப்படித்தான் இருந்தவர். இப்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தம்பிக்கு நேரே வந்து பாயில் உட்கார்ந்தார். கையை நீட்டி, அவன் பிசைந்து வைத்த சோற்றில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். நன்றாக மென்று விழுங்கினார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

"உப்புக் கொஞ்சம் குறைவு மனே" என்றார். "ஆணத்த இன்னும் ஊத்திப் பிசைங்க."

தம்பி ஆணத்தை ஊற்றினான். பிசைந்து, முதல் பிடியைத் தன் வாயில் வைத்தான்.